படம் வரைந்து பாகம் குறித்த பிறகு: உயிரியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்வழியில் உயிரியல் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம்.

போன வருஷம் ஆவணியில், எங்கள் ஊருக்குப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு ஒரு பிற்பகல் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். புரதங்களின் வடிவத்தைக் கண்டுபிடிக்கும் வேலையில் இருபத்தைந்து வருஷம் இருந்து ஓய்வு பெற்றவள் நான். வைரஸ் பற்றிப் பேசச் சொன்னார்கள். கரும்பலகையில் ஒரு வட்டம் போட்டேன். சுற்றிலும் முள். உள்ளே நெளிநெளியாக ஒரு கோடு. நான் எதுவும் சொல்லாமலே பிள்ளைகள் நோட்டைத் திறந்து வரையத் தொடங்கிவிட்டார்கள். ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்து, புரத உறை, மரபுப்பொருள் என்று பாகம் குறித்தார்கள். அழகாகத்தான் இருந்தது.

மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண் மட்டும் வரையவில்லை. கையைத் தூக்கினாள். "மிஸ், உள்ள இருக்கறது எப்படி வெளிய வரும்? யாரு திறந்துவிடுவாங்க?"

பக்கத்தில் நின்ற ஆசிரியர், "அது பரீட்சைக்கு வராதும்மா, உக்காரு" என்றார். கடுமையாகச் சொல்லவில்லை. மணி அடிக்கப் பத்து நிமிஷம்தான் இருந்தது, எனக்கு உதவுவதாக நினைத்துத்தான் சொன்னார். அவள் உட்கார்ந்துவிட்டாள். நானும் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டேன். அன்றைக்கு அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன். அவள் கேட்டதை இன்னும் எத்தனையோ பிள்ளைகள் உங்கள் வகுப்புகளில் மனசுக்குள் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

அந்தக் கேள்விக்குள் ஒரு முடிச்சு இருக்கிறது. வைரஸின் ஓடு உறுதியாக இருந்தாக வேண்டும். தும்மலில் தெறித்து, கதவுப்பிடியில் காத்துக் கிடந்து, யாரோ ஒருவர் விரல் வழியாக இன்னொரு மூக்குக்குப் போய்ச் சேரும் வரை உள்ளே சுருண்டிருக்கும் ஆர்.என்.ஏ. என்ற மரபுப்பொருள் குலையாமல் இருக்க வேண்டுமே. ஆனால் செல்லுக்குள் நுழைந்ததும் அதே ஓடு சில நிமிஷங்களில் திறந்துகொடுத்துவிட வேண்டும். முன்னாடியே திறந்தால் சரக்கு பாழ். திறக்கவே இல்லையென்றால் வைரஸ் வெறும் தூசி. இத்தனைக்கும் அதற்குக் கை இல்லை, வாய் இல்லை, சொந்தமாகச் சக்தி உண்டாக்கிக்கொள்ள ஒரு வழியும் இல்லை.

அந்தச் சக்தி ஓட்டுக்குள் முன்கூட்டியே ஏற்றி வைக்கப்பட்டிருக்கிறது. செல்லுக்குள் புது வைரஸ்கள் கோக்கப்படும்போதே அவற்றின் புரதங்கள் இறுக்கமான ஒரு நிலையில் பூட்டப்பட்டுவிடுகின்றன. இதைவிட சௌகரியமான வேறொரு நிலை அவற்றுக்கு உண்டு. அங்கே போக நடுவில் ஒரு மேடு இருக்கிறது. யாராவது ஒரு தட்டு தட்டினால் போதும், மேடு தாண்டி மறுபக்கம் உருண்டு போய்விடும். அந்தத் தட்டைக் கொடுப்பது நம்முடைய செல்லேதான்.

இதைப் பள்ளி மதிலோரத்திலேயே காட்டலாம். ஊதா நிறத்தில் குழல் போலப் பூக்கும் ஒரு செடி மழைக்காலத்தில் வாய்க்கால் ஓரமெல்லாம் நிற்கும், பார்த்திருப்பீர்கள். அதன் காய் காய்ந்து பழுப்பானதும் பிள்ளைகள் பறித்து எச்சில் தொட்டு உள்ளங்கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். கொஞ்ச நேரத்தில் 'டப்'பென்று இரண்டாகப் பிளந்து விதையை வீசும். பட்டாசுக்காய் என்போம் நாங்கள். சட்டைப்பையில் நாள்கணக்காகக் கிடந்தாலும் அது வெடிக்காது. எச்சிலுக்குக் காயைப் பிளக்கும் பலம் ஏது? காய்ந்து சுருங்கும்போதே ஓட்டில் ஏறி நின்ற இறுக்கம்தான் பிளக்கிறது. ஈரம் அந்தப் பூட்டை மட்டும் இளக்கிவிடுகிறது. வைரஸ் ஓட்டின் கதையும் ஏறக்குறைய இதேதான். ஈரத்துக்குப் பதிலாக அங்கே ஏற்பியின் பிடியும் (வைரஸ் வந்து ஒட்டிக்கொள்ளும் நம் செல்லின் புரதம்தான் ஏற்பி), அமிலத்தின் புளிப்பும்.

சாதாரணச் சளியிலிருந்தே தொடங்குகிறேன். அதற்குப் பெரும்பாலும் காரணம் ரைனோ வைரஸ். குறுக்களவு 30 நானோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் முப்பதாயிரம் வைரஸ்களுக்கு மேல் வரிசையாக நிற்கலாம். இருபது முகம் கொண்ட ஓடு. நான்கு வகைப் புரதங்கள், ஒவ்வொன்றிலும் 60 பிரதிகள். உள்ளே சுமார் 7,200 எழுத்து நீளமுள்ள ஒற்றை ஆர்.என்.ஏ. இழை. 1985இல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ராஸ்மன் குழுவினர் ரைனோ வைரஸ் 14 என்ற வகையின் அமைப்பை அணு அளவில் கண்டு வெளியிட்டார்கள். மனிதருக்கு நோய் தரும் ஒரு வைரஸை அவ்வளவு நுணுக்கமாக அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. நான் அந்தப் படத்தை முதலில் பார்த்தது நூலகத்தில், கறுப்பு வெள்ளை நகலில். ஓட்டின் மேல் ஆழமான பள்ளங்கள் ஓடின. இவ்வளவு சின்ன ஒன்றின் மேல் பள்ளத்தாக்கா என்று அன்றைக்குத் தோன்றிய திகைப்பு இன்றும் எனக்குப் போகவில்லை.

பெரும்பாலான ரைனோ வைரஸ்களில், நம் மூக்குச் செல்லின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு ஏற்பிப் புரதம் இந்தப் பள்ளத்துக்குள்தான் வந்து உட்காரும். பள்ளத்தின் அடியில், முதலாம் புரதத்துக்குள், ஒரு சின்னப் பொந்து இருக்கிறது. பல வகைகளில் அந்தப் பொந்தை ஒரு கொழுப்பு மூலக்கூறு அடைத்துக்கொண்டிருக்கும். கதவு ஆடாமல் இருக்க அடியில் செருகும் ஆப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏற்பி வந்து அழுத்தும்போது ஆப்பு கழன்று போகிறது. இதற்குள் செல் தன் சவ்வை உள்ளே இழுத்து வைரஸை ஒரு சின்னப் பைக்குள் வாங்கிக்கொண்டிருக்கும். எண்டோசோம் என்பது அதுதான். செல் அந்தப் பைக்குள் அமிலத்தை ஏற்றிக்கொண்டே போகும். அது செல்லின் அன்றாட வேலை, வைரஸுக்காகச் செய்வதில்லை. சில ரைனோ வகைகளுக்கு ஏற்பியின் அழுத்தமே கிட்டத்தட்டப் போதும், புளிப்பு கொஞ்சம் கைகொடுக்கும். வேறு சில வகைகளோ பி.எச். 5.6 அளவுக்கு இறங்கினால்தான் அசையும் (புளிப்பு ஏற ஏற பி.எச். எண் இறங்கும்).

ஆப்பு கழன்றதும் ஓடு விரிகிறது. எவ்வளவு? சுமார் 4 சதவீதம். கேட்க ஒன்றுமில்லாதது போல இருக்கும். ஆனால் அந்த விரிவில் புரதங்களுக்கு நடுவே இடுக்குகள் விழுகின்றன. ஓட்டின் உட்புறம் ஒட்டிக்கொண்டிருந்த நான்காம் புரதம், இருப்பதிலேயே சின்னது, அந்த இடுக்கு வழியே வெளியேறி எண்டோசோமின் சவ்வில் போய்த் துளை போடுகிறது. முதலாம் புரதத்தின் முனையும் உள்ளிருந்து வெளியே நீண்டு அதே சவ்வைப் பிடித்துக்கொள்கிறது. அப்புறம்தான் ஆர்.என்.ஏ. புறப்படுகிறது. ஓட்டின் குறுக்களவைப் போலக் குறைந்தது ஐம்பது மடங்கு நீளமுள்ள இழை, சுருள் பிரிந்து ஒரு துளை வழியே உருவப்பட்டுப் போகிறது. ரைனோ வைரஸ் 2 என்ற வகையில் இழையின் வால் முனைதான் முதலில் வெளிவருகிறது என்று வியன்னா ஆராய்ச்சியாளர்கள் 2013இல் காட்டினார்கள். செல் அந்த இழையைப் படிக்கத் தொடங்குவது தலை முனையிலிருந்து. ஆக, முதலில் படிக்க வேண்டிய முனை கடைசியில் வருகிறது. எல்லாம் முடிந்தபின் காலி ஓடு மட்டும் மிச்சம். உறை கழற்றல் என்று இதற்குப் பெயர்.

இன்னும் ஒன்று. வைரஸைப் படிகமாக்கி எக்ஸ் கதிரில் பார்த்தபோது நான்காம் புரதம் முழுக்க உள்ளேதான் தெரிந்தது. ஆனால் 1998இல் ஒரு எளிய சோதனை செய்தார்கள். புரதத்தை வெட்டும் நொதியை வைரஸோடு வெளியிலிருந்து கலந்துவைத்தார்கள். உள்ளே பத்திரமாக இருக்க வேண்டிய நான்காம் புரதமும் முதலாம் புரதத்தின் முனையும் வெட்டுப்பட்டன! சாதாரண அறைச் சூட்டில், செல்லே இல்லாத நிலையில், ஓடு அவ்வப்போது தளர்ந்து உட்புறத்தை வெளியே காட்டி மறுபடி மூடிக்கொள்கிறது. ஆய்வாளர்கள் அதை வைரஸ் மூச்சுவிடுகிறது என்றே எழுதினார்கள். கரும்பலகையில் நாம் போடும் வட்டத்துக்குள் இந்த மூச்சு இல்லை. அதுதான் என் குறை.

அந்தப் பொந்தைத் தெரிந்துகொண்டதும் மருந்துக்காரர்களுக்கு ஒரு யோசனை வந்தது. கழன்றுபோகும் ஆப்புக்குப் பதிலாக, கழலவே கழலாத ஆப்பைச் செருகினால் என்ன? ப்ளெகோனரில் என்ற மருந்து அப்படி வந்ததுதான். பொந்துக்குள் போய் இறுக்கமாக உட்கார்ந்துகொள்ளும். ஓடு விரிய முடியாது. வைரஸ் செல்லுக்குள் போனாலும் திறக்க வழியில்லாமல் நிற்கும். சோதனைகளில் சளி ஒரு நாள் போலச் சீக்கிரம் விட்டது. ஆனால் அந்த மாத்திரை ஈரலில் சில நொதிகளைத் தூண்டிவிட்டு, கருத்தடை மாத்திரை போன்ற மற்ற மருந்துகளின் வேலையைக் கெடுக்கும் என்று தெரிந்ததால், 2002இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆலோசனைக் குழு அதை ஏற்கவில்லை. தோற்ற மருந்துதான். ஆனாலும் வகுப்பில் சொல்ல வேண்டிய கதை. எங்கே அடித்தால் வைரஸ் நிற்கும் என்று வடிவத்தைப் பார்த்துக் கண்டுபிடித்த முயற்சி அது. மெடிக்கலில் போய் "சளிக்கு ரெண்டு ஆன்டிபயாடிக் குடுங்க" என்று வாங்கி விழுங்கும் பழக்கம் நம் ஊரில் இன்னும் போகவில்லை. ஆன்டிபயாடிக் அடிக்கும் பாக்டீரியா உறுப்பு எதுவுமே இந்த ஓட்டில் இல்லை என்பதை, ஓடு எதனால் ஆனது, எப்படித் திறக்கிறது என்று தெரிந்த பிள்ளை தானாகவே வீட்டில் சொல்லும்.

ஃப்ளூ வைரஸுக்கு வருகிறேன். ரைனோவுக்கு வெறும் புரத ஓடுதான். ஃப்ளூவுக்கும் கொரோனாவுக்கும் மேலே ஒரு கொழுப்புச் சவ்வு உண்டு, நம் செல்லிலிருந்தே கிளம்பும்போது போர்த்திக்கொண்டது. (சோப்பும் சானிடைசரும் கொரோனாவிடம் அவ்வளவு நன்றாக வேலை செய்ததற்குக் காரணம் இந்தக் கொழுப்புதான். கொழுப்பே இல்லாத ரைனோவிடம் சானிடைசர் அந்த அளவுக்கு எடுபடாது. அங்கே தண்ணீரும் சோப்பும் விட்டுத் தேய்த்துக் கழுவுவதே வழி.) சவ்வு உள்ள வைரஸ் திறப்பது வேறு மாதிரி. தன் சவ்வை செல்லின் சவ்வோடு ஒட்டவைத்து இரண்டையும் ஒன்றாக்க வேண்டும். சவ்வுகள் சும்மா ஒட்டிக்கொள்ளாது, பிடித்து இழுத்தாக வேண்டும். அந்த இழுப்பு வேலைக்குத்தான் ஃப்ளூவின் முள், ஹீமாக்ளூட்டினின்.

ஹார்வர்டின் டான் வைலியும் லண்டன் மில் ஹில்லில் இருந்த ஜான் ஸ்கெஹலும் தம் குழுவினரோடு 1981இல் இந்த முள்ளின் வடிவத்தை வெளியிட்டார்கள். சவ்விலிருந்து 13.5 நானோமீட்டர் உயரத்துக்கு நிற்கும் புரதம். 1994இல், புளிப்பில் நனைந்தபின் அதே புரதம் எப்படி இருக்கிறது என்று அவர்களே பார்த்தார்கள். ஒன்றுதான் இரண்டும் என்று நம்ப முடியாத அளவுக்கு மாறியிருந்தது. முதலில் தண்டுக்குள் மடங்கி ஒளிந்திருந்த ஒரு சின்ன முனை 10 நானோமீட்டருக்கும் மேல் நகர்ந்து உச்சிக்குப் போயிருந்தது. வளைந்து தொங்கிய பகுதி நிமிர்ந்து நீண்ட சுருளாகியிருந்தது. எண்டோசோமுக்குள் பி.எச். 5 பக்கம் இறங்கும்போது, பால் விடாத காப்பியின் புளிப்பு அளவுக்கு, இந்த முனை பாய்ந்து செல்லின் சவ்வில் குத்திக்கொள்கிறது. பிறகு முள் தன்மேலேயே மடிந்து இரண்டு சவ்வுகளையும் நெருக்கி இழுக்கிறது. படகிலிருந்து கரைக்குக் கயிறு வீசி, முளையில் மாட்டி, படகைக் கரையோடு இழுத்து அணைப்பதைப் பார்த்த பிள்ளைக்கு இது உடனே புரியும்.

அதோடு வேலை முடியவில்லை. ஃப்ளூவின் சவ்வில் எம்2 என்ற சின்னக் குழாய் ஒன்று இருக்கிறது. அதன் வழியே புளிப்பு வைரஸின் வயிற்றுக்குள்ளும் இறங்க வேண்டும். இறங்கினால்தான் உட்பக்கம் ஒட்டிப் பிடித்திருக்கும் புரதம் விட்டுக்கொடுத்து, எட்டுத் துண்டு ஆர்.என்.ஏ.வும் அவிழ்ந்து செல்லின் உட்கருவை நோக்கிப் போக முடியும். அமன்டடின் என்ற பழைய ஃப்ளூ மருந்து இந்தக் குழாயை அடைத்தது. நன்றாக வேலை செய்தது, வைரஸ் குழாயின் புரதச் சங்கிலியில் ஒரே ஒரு கண்ணியை, ஒரு அமினோ அமிலத்தை, மாற்றிக்கொண்டு தப்பும் வரை. 2006இல் அமெரிக்காவில் இனி இதைக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அடினோ வைரஸைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அது தனி மடலுக்கான கதை. 90 நானோமீட்டர், சுமார் 36,000 எழுத்து டி.என்.ஏ. ஒரே இடத்தில் திறக்காமல் வழி நெடுக ஆடையைக் கழற்றிப் போட்டுக்கொண்டே போகும். செல்லின் மேலேயே ஏற்பிகள் இரு திசையில் இழுப்பதில் முட்கள் கழன்று விழும். உள்ளிருந்து ஒரு புரதம் வந்து எண்டோசோமைக் கிழிக்கும். மிச்ச ஓடு செல்லின் சரக்கு வண்டியில் ஏறி உட்கருவின் வாசலுக்குப் போகும். அங்கே செல்லின் இன்னொரு வண்டி எதிர்த்திசையில் இழுக்க, ஓடு உடைந்து டி.என்.ஏ. உள்ளே போகும். நம்மில் கோடிக்கணக்கானோர் போட்டுக்கொண்ட கோவிஷீல்டு, பெருகாதபடி மாற்றப்பட்ட சிம்பன்சி அடினோ வைரஸ்தான். நம் கைத்தசைச் செல்களுக்குள் அது இப்படித் திறந்துதான் கொரோனா முள்ளின் செய்முறையை இறக்கி வைத்தது. இந்த ஒரு வரியை வகுப்பில் சொல்லிப் பாருங்கள், பிள்ளைகள் சட்டைக் கையைத் தூக்கி ஊசி போட்ட இடத்தைப் பார்த்துக்கொள்வார்கள்.

எனக்கு மிக நெருக்கமான வைரஸ், மூச்சுப்பாதையைத் தாக்கும் ஆர்.எஸ்.வி. என் பேரன் ஏழு வாரக் குழந்தையாக இருந்தபோது அவனுக்கு வந்தது. முதலில் வெறும் மூக்கொழுகல். மூன்றாம் நாள் இரவு பால் குடிக்க முடியாமல் விட்டுவிட்டு மூச்சு வாங்கினான். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே குழிந்தது. ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்து, மூக்கில் குழாய் போட்டுப் பால் கொடுத்து, ஐந்து நாள். வைரஸை அழிக்க எதுவும் கொடுக்கவில்லை, கொடுக்க அங்கே எதுவும் இல்லை. இந்த வைரஸின் புரதத்தைப் படமாக எத்தனையோ முறை பார்த்தவள், தொட்டில் பக்கத்தில் ஒன்றும் செய்ய முடியாமல் உட்கார்ந்திருந்தேன். அவன் பிழைத்துவிட்டான். 2019இல் மட்டும் ஐந்து வயதுக்குக் கீழே சுமார் ஒரு லட்சம் குழந்தைகள் இந்த வைரஸால் இறந்திருப்பார்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதில் 95 சதவீதத்துக்கு மேல் நம்மைப் போன்ற நாடுகளிலும் நம்மைவிட ஏழை நாடுகளிலும்.

தடுப்பூசி ஏன் இத்தனை தாமதம் என்று கேட்டால் விடை மறுபடியும் வடிவத்தில்தான் இருக்கிறது. 1966 வாக்கில் அமெரிக்காவில் ஆர்.எஸ்.வி.யை ஃபார்மலின் என்ற ரசாயனத்தில் செயலிழக்கச் செய்து குழந்தைகளுக்கு ஊசி போட்டுப் பார்த்தார்கள். போலியோவுக்கு அந்த வழி பலித்திருந்தது. வாஷிங்டனில் நடந்த சோதனையில் ஊசி போட்டுக்கொண்ட குழந்தைகளில் 20 பேருக்குப் பிறகு வைரஸ் தொற்றியது. அவர்களில் 16 பேரை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்தது. இரண்டு குழந்தைகள் இறந்துபோனார்கள். ஊசி காப்பாற்றவில்லை என்பதோடு நோயையும் கடுமையாக்கியிருந்தது. அதன்பின் பல பத்தாண்டுகள் யாரும் அந்தப் பக்கம் துணிந்து போகவில்லை.

நடந்தது என்ன? ஆர்.எஸ்.வி.யின் இணைப்புப் புரதம், எஃப் என்று பெயர், ஃப்ளூ முள்ளைப் போலவே இரண்டு நிலை கொண்டது. செல்லோடு இணையும் முன் குட்டையாகவும் உருண்டையாகவும் இருக்கும். இணைந்தபின் நெட்டையாக நீண்டுவிடும். தொற்றைத் தடுக்கும் வலுவான எதிர்ப்பொருள்கள் பெரும்பாலும் பிடிப்பது குட்டை நிலையின் உச்சியைத்தான். ஆனால் இந்தப் புரதம் பட்டாசுக்காயைவிட அவசரக்காரி. புளிப்புக்குக்கூடக் காத்திருக்காமல் தானாகவே நெட்டையாகிவிடும். ஃபார்மலின் ஊசியில் இருந்தது பெரும்பாலும் நீண்டுபோன வடிவம்தான் என்று பின்னாளில் சோதித்துக் கண்டார்கள். குழந்தைகளின் உடம்பு வெடித்து முடித்த காயின் தோலைப் பார்த்து எதிர்ப்பொருள் செய்யக் கற்றுக்கொண்டது. அவை வைரஸை ஒட்டின, ஆனால் தடுக்கவில்லை. அந்த ஊசி நோயைக் கடுமையாக்கியதற்கு வேறு காரணங்களும் உண்டு. முதல் காரணங்களில் ஒன்று இதுதான்.

2013இல் ஜேசன் மெக்லெலன், பார்னி கிரஹாம், பீட்டர் க்வாங் ஆகியோரின் குழு, குட்டை நிலையில் இருக்கும் எஃப் புரதத்தை ஒரு எதிர்ப்பொருளால் பிடித்துவைத்து அதன் வடிவத்தைக் கண்டது. அதே வருஷம், சில அமினோ அமிலங்களை மாற்றி, கந்தகப் பாலம் ஒன்று போட்டு, பொந்துகளை நிரப்பி, அந்த நிலையிலேயே பூட்டியும் காட்டினார்கள். சரியாகப் பத்து வருஷத்தில், 2023 மே மாதம், அமெரிக்காவில் இரண்டு ஆர்.எஸ்.வி. தடுப்பூசிகளுக்கு அனுமதி கிடைத்தது. பூட்டிய வடிவம்தான் இரண்டிலும். கர்ப்பிணிக்குப் போட்டு, தாய் வழியாகக் குழந்தைக்குப் பாதுகாப்புக் கொடுக்கும் முறைக்கும் அந்த ஆகஸ்டிலேயே அனுமதி வந்தது. அந்தச் செய்தியைப் படித்த அன்றைக்கு நான் என் பேரனின் பழைய ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

கொரோனா வந்தபோது முள்ளை எப்படிப் பூட்டுவது என்று ஆட்களுக்குக் கை பழகியிருந்தது. 2020 பிப்ரவரியிலேயே முள்ளின் வடிவம் வெளிவந்துவிட்டது. அதை நிமிரவிடாமல் பிடிக்க, 986, 987 என்ற இரண்டு இடங்களில் இருந்த அமினோ அமிலங்களை எடுத்துவிட்டுப் புரோலைன் என்ற வேறொரு அமினோ அமிலத்தை வைத்தார்கள். ஃபைசர், மாடர்னா, நோவாவேக்ஸ் ஊசிகளில் இருப்பது இந்த முள்தான். கோவிஷீல்டில் அந்த மாற்றம் இல்லை.

ஏன் புரோலைன்? இங்கேதான் கிண்டி வருகிறது. மற்ற அமினோ அமிலங்கள் புரதச் சங்கிலியின் முதுகெலும்பில் ஓரளவு இப்படியும் அப்படியும் திரும்பும். எந்தெந்தக் கோணத்தில் திரும்ப இடம் உண்டு, எங்கே அணுக்கள் முட்டிக்கொள்ளும் என்று 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் ஜி. என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் கணக்கிட்டு ஒரு வரைபடம் போட்டார்கள். ராமச்சந்திரன் வரைபடம் என்று உலகமே சொல்கிறது. அதில் புரோலைனுக்குக் கிடைப்பது ஒடுங்கிய ஒரு பட்டைதான். அதன் கிளை வளைந்து வந்து முதுகெலும்பிலேயே கட்டிக்கொண்டிருப்பதால் திரும்ப இடமில்லை. வளைவு நிமிர்ந்து நீண்ட சுருளாகப் போகிற இடத்தில் புரோலைனை வைத்தால் சுருள் உருவாகாது, முள் பாயாது. இன்றைக்கு எந்த வைரஸ் புரதத்தின் அமைப்பை யார் வெளியிட்டாலும், அது சரியாக இருக்கிறதா என்று அந்த வரைபடத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். ராஸ்மனின் ஓடானாலும், மெக்லெலனின் முள்ளானாலும் அந்த அளவுகோலுக்கு உட்பட்டவைதான். இதை நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?

சரி, உங்களிடம் நான் கேட்பது என்ன? பாடத்திட்டத்தை மாற்றுவது உங்கள் கையில் இல்லை என்பது எனக்குத் தெரியும். முடிக்க வேண்டிய பாடம், திருத்த வேண்டிய தாள், நடுவில் வரும் வேறு வேலைகள், எல்லாம் தெரியும். நான் கேட்பது ஒரு பீரியடில் பாதி. வைரஸ் படத்தை ஒன்றாகப் போடாமல் பக்கத்தில் பக்கத்தில் நான்காகப் போடுங்கள். மூடிய ஓடு, தளர்ந்து விரிந்த ஓடு, இழை வெளியேறும் ஓடு, காலி ஓடு. பாகம் குறிக்கட்டும், தப்பில்லை. ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் நடுவில் ஒரு அம்பு போட்டு, அதன் மேல் "எது தட்டியது?" என்று எழுதச் சொல்லுங்கள். ஏற்பியா, புளிப்பா, செல்லின் இழுப்பா? அப்புறம் எந்த அம்பை மறித்தால் நோய் நிற்கும் என்று கேளுங்கள். பதில்கள் வரத் தொடங்கும்போது நீங்களே பாடத்தை நிறுத்த மாட்டீர்கள்.

"செத்த கிருமியை ஊசியில் போடுகிறார்கள்" என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடும் வாக்கியத்தையும் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள். செயலிழந்தாலும் வடிவம் கெடாமல் இருந்தால்தான் அது தடுப்பூசி. ரைனோவின் சொந்தக்காரனான போலியோ வைரஸைச் சூடாக்கினால் அதன் ஓடும் விரிந்து வேறு வடிவத்துக்குப் போய்விடும். அந்த வடிவம் பாதுகாப்புத் தராது. அதனால்தான் போலியோ ஊசி மருந்தின் வீரியத்தை, விரியாத ஓடு எவ்வளவு இருக்கிறது என்ற கணக்கில் அளக்கிறார்கள். செவிலியர் அம்மா வெயிலில் ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊருக்குள் நடப்பது அந்த வடிவத்தைக் காப்பாற்றத்தான். அவரை ஒரு நாள் வகுப்புக்குக் கூப்பிட்டு அந்தப் பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னால் இன்னும் நல்லது.

பரீட்சைக்கு வராத கேள்வியை ஒரு பிள்ளை கேட்டால் உட்காரச் சொல்லாதீர்கள். பதில் தெரியாவிட்டால் கரும்பலகை ஓரத்தில் அந்தக் கேள்வியை எழுதி, கேட்ட பிள்ளையின் பெயரையும் போட்டு, ஒரு வாரம் அழிக்காமல் விடுங்கள். ராஸ்மனும் வைலியும் ஸ்கெஹலும் ஆயுளைக் கொடுத்தது, மூன்றாவது பெஞ்சில் இருந்து அவள் கேட்ட அதே கேள்விக்குத்தான்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. எங்கள் வாய்க்கால் கரையில் ஊதாப் பூ நிறையப் பூத்திருக்கிறது. காய் காய்ந்ததும் ஒரு டப்பா நிறையப் பறித்துக்கொண்டு அந்தப் பள்ளிக்குப் போகிறேன். அவள் இப்போது பதினொன்றாம் வகுப்பு. தலைமையாசிரியரிடம் கேட்டு ஒரு மணி நேரம் வாங்கிவிட்டேன். அன்றைக்கு "உக்காரு" என்று சொன்ன ஆசிரியரும் வகுப்பில் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார், முதல் காயை அவர் கையில்தான் வைக்கப் போகிறேன்.

அன்புடன்,
உங்களைப் போன்ற ஓர் உயிரியல் ஆசிரியையிடம் படித்தவள்